மெஷின் வச்சு தூக்கினா அப்புறம் நடக்கவே மாட்டாரா?

பக்கவாதம் வந்தவங்களை வீட்டுல பாத்துக்கிறது பத்தி போன மாசம் இந்த பகுதியில எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல கேட்டிருந்தது ஒரே விஷயம்தான், எப்படி தூக்குறது. கட்டில்லேர்ந்து சேர், சேர்லேர்ந்து பாத்ரூம், மறுபடி கட்டில்னு ஒரு நாளைக்கு எத்தனை தடவை! எழுதின எல்லாருக்கும் இடுப்பு வலி. அதனால இந்த மாசம் முழுக்க இது ஒண்ணுதான், வேற கேள்விகளை அடுத்த மாசம் பாத்துக்கலாம்.

என் மாமனாருக்கு 66 வயசு, 68 கிலோ எடை. மூணு மாசம் முன்னாடி ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் கையும் காலும் விழுந்துடுச்சு. நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கு ஒரு பக்கம் அக்குள்ல கை கொடுத்து தூக்கித்தான் சேர்ல உக்கார வைக்கிறோம். இப்போ அவருக்கு வலது தோள்பட்டை வலி தாங்கல, எனக்கு இடுப்பே போச்சு. வீட்டுக்கு வர்ற பிசியோ தம்பி, ஆளை தூக்கி இடம் மாத்துற ஹாய்ஸ்ட் மெஷின் வாங்குங்கன்னு சொல்றார். என் நாத்தனார் "மெஷினுக்கு பழகிட்டா அப்பா சோம்பேறி ஆயிடுவார், அப்புறம் நடக்கவே மாட்டார்"ங்கிறாங்க. யார் சொல்றதை கேக்குறது மேடம்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

அம்மா, முதல்ல அந்த அக்குள் பிடியை இன்னைக்கே விட்டுடுங்க, மெஷின் வாங்குறீங்களோ இல்லையோ. பக்கவாதம் வந்த பக்கம் தோள் மூட்டை பிடிச்சு வச்சிருக்கிற தசையெல்லாம் தளர்ந்து போயிருக்கும், கை கனத்துலயே எலும்பு குழியை விட்டு கீழ இறங்கி நிக்கும், சில பேருக்கு தோளை தொட்டு பாத்தா ஒரு விரல் போற அளவு பள்ளமே தெரியும். அந்த தோள்ல கை போட்டு மொத்த உடம்பையும் தூக்கினா உள்ள இருக்கிற ஜவ்வு நார் எல்லாம் இழுபடுது, அவர் வலிக்கு இதுவே காரணமா இருக்க ரொம்ப வாய்ப்பு இருக்கு. அந்த கையை பிடிச்சு இழுக்கவும் கூடாது. உக்காந்திருக்கும்போது கை கீழ தொங்காம மடியில ஒரு தலையணை வச்சு அது மேல வைங்க. பிசியோ தம்பிகிட்ட தோளை ஒரு தடவை நல்லா பாக்க சொல்லுங்க.

அடுத்து உங்க இடுப்பு. அமெரிக்காவுல வேலையிட பாதுகாப்புக்குனு இருக்கிற நியோஷ் ஆராய்ச்சி நிறுவனத்தோட கணக்கை வச்சு 2007-ல ஒரு அளவு சொன்னாங்க, நோயாளியை கையால தூக்குறதுன்னா ஒருத்தர் மேல விழுற பாரம் 16 கிலோவை தாண்டக்கூடாது, அதுவும் எல்லாம் சாதகமா இருந்தாத்தான். உங்க மாமனாரோட ஒரு கால் மட்டுமே ஏறக்குறைய 11 கிலோ வரும்மா. அவரை ரெண்டு பேர் பங்கு போட்டாலும் ஆளுக்கு 34 கிலோ. முட்டியை மடக்கி தூக்குங்க, முதுகை நேரா வைங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, தப்பில்ல, ஆனா அது அரிசி மூட்டைக்கு சரி. மூட்டை திடீர்னு ஒரு பக்கம் சாயாது, பயத்துல உங்க கழுத்தை கட்டிக்காது. மனுஷனை தூக்கும்போது எவ்வளவு சரியா குனிஞ்சாலும் பாரம் பாரம்தான். உங்க இடுப்பு போனதுக்கு நீங்க தப்பா தூக்கினதுதான் காரணம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இப்ப நாத்தனார் சொன்னதுக்கு வர்றேன். அவங்க அப்பா மேல உள்ள பாசத்துல பயப்படுறாங்க, அந்த பயம் எனக்கு புரியுது. அவங்ககிட்ட நான் கேக்குறது ஒண்ணுதான், இப்போ நீங்க ரெண்டு பேரும் அக்குள்ல தூக்குறீங்களே, அந்த நேரத்துல அப்பாவோட கால் என்ன வேலை செய்யுது? ஒண்ணும் செய்யல, தொங்குது. அதோட, தூக்குறது கஷ்டம்ங்கிறதால ஒரு நாளைக்கு எத்தனை தடவை எழுப்பி உக்கார வைக்கிறீங்க, ரெண்டு தடவை இருக்குமா? மிச்ச நேரம் பூரா படுக்கைதான். படுத்தே கிடந்தாத்தான் தசை கரையுது, நெஞ்சுல சளி கட்டுது, எழுந்து உக்காந்தாலே பிரஷர் இறங்கி தலை சுத்துது. மெஷின் இருந்தா நாலஞ்சு தடவை எழுப்பலாம், யாருக்கும் இடுப்பு போகாது. 2013-ல அமெரிக்காவுல ஒரு மறுவாழ்வு பிரிவுல இதையே ஆராய்ஞ்சு பாத்தாங்க, தூக்குற கருவிங்க வர்றதுக்கு முன்னாடி சிகிச்சை எடுத்தவங்களையும் வந்த பிறகு எடுத்தவங்களையும் ஒப்பிட்டா, கருவி வந்ததால நடமாட்டத்துல முன்னேற்றம் குறையல.

ஆனா எந்த மெஷின்ங்கிறது முக்கியம். ஸ்லிங்னு சொல்ற துணித்தொட்டில்ல உக்கார வச்சு முழுசா தூக்குறது ஒரு வகை. இன்னொன்னு நிக்க வைக்கிற மெஷின், முதுகுக்கு பின்னால பெல்ட், முட்டிக்கு முன்னால ஒரு மெத்தை, பாதம் வைக்க பலகை, பிடிச்சுக்க கைப்பிடி. உங்க மாமனாருக்கு கட்டில் விளிம்புல கொஞ்சம் பிடிமானத்தோட உக்கார முடியுதா, இடது கால் பாரம் தாங்குதா, இடது கையால கெட்டியா பிடிக்க முடியுதா, சொன்னதை கேட்டு செய்யறாரா, இதெல்லாம் ஆமாம்னா ரெண்டாவது வகையை பிசியோகிட்ட கேளுங்க. வலது பக்கம் விழுந்தவங்களுக்கு பேச்சு புரியறதுலயும் சிக்கல் இருக்கலாம், அவங்களுக்கு வாயால சொல்றதை விட கையால செஞ்சு காட்டினா புரியும். நிக்க வைக்கிற மெஷின்ல அவர் கால் ஊணாம பெல்ட்டுலயே தொங்கினார்னா உடனே இறக்கிடுங்க, அந்த மெஷினுக்கு அவர் இன்னும் தயார் இல்ல.

இனிமேதான் விஷயமே. பட்டனை அமுக்கி அவரை தூக்கி நிறுத்திட்டு போயிடாதீங்க. ரெண்டு பாதமும் பலகையில நல்லா பதிஞ்சிருக்கான்னு பாருங்க, "மாமா, மூக்கு முட்டிக்கு நேரா வர்ற மாதிரி முன்னால குனிங்க, மூணு எண்ணும்போது காலை ஊணி எழுந்திருங்க"ன்னு சொல்லி அவர் தள்ள ஆரம்பிச்ச பிறகு பட்டனை தொடுங்க. அவரால முடிஞ்சதை அவர் செய்யட்டும், முடியாத மிச்சத்தை மட்டும் மெஷின் எடுத்துக்கட்டும். நின்னதும் ஒரு நிமிஷம் அப்படியே நிக்கட்டும், வலது கால் மேலயும் கொஞ்சம் சாஞ்சு பாக்கட்டும், இறக்கும்போதும் பொத்துன்னு உக்காராம மெதுவா உக்கார முயற்சி பண்ணட்டும். பாத்ரூம் போக, சாப்பிட, டிவி பாக்கன்னு ஒவ்வொரு தடவை எழுந்திரிக்கிறதும் இப்படி பயிற்சியாவே மாறிடும். பிசியோ வந்து அரை மணி நேரம் செய்யறதை விட இது எத்தனையோ மடங்கு. கால் கூடக்கூட மெஷின் வேலை குறையும், அப்புறம் தடுமாறினா நீங்க பிடிச்சுக்க இடுப்பு பெல்ட், அப்புறம் வாக்கர். நடுவுல சில நாள் காலையில நல்லா நிப்பார், ராத்திரி களைப்புல நிக்க மாட்டார், அன்னைக்கு ராத்திரி மட்டும் ஸ்லிங்ல தூக்கிக்கோங்க, அது பின்னடைவு இல்ல. நாத்தனாரை ஒரு நாள் பக்கத்துல நின்னு பாக்க சொல்லுங்கம்மா.

அம்மாவுக்காக ஆன்லைன்ல ஹாய்ஸ்ட் வாங்கிட்டேன். கட்டிலுக்கு அடியில போகவே மாட்டேங்குது, நாங்க வச்சிருக்கிறது ஸ்டோரேஜ் வச்ச பாக்ஸ் கட்டில். இன்னொன்னு, தூக்கும்போது மெஷின் சக்கரத்துக்கு பிரேக் போடணுமா வேண்டாமா? யூடியூப்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.
– ஒரு வாசகர், நாகர்கோவில்

தம்பி, வாங்கறதுக்கு முன்னாடி அளந்து பாக்கணும்னு விக்கிறவங்க யாரும் சொல்றதே இல்ல, எனக்கு இது ரொம்ப வருத்தம். ஹாய்ஸ்ட்டோட ரெண்டு காலும் கட்டிலுக்கு அடியில போனாத்தான் அதோட கை அம்மாவுக்கு நேர் மேல வரும், அதுக்கு கிட்டத்தட்ட 5 இன்ச் காலி இடம் வேணும், மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். பாக்ஸ் கட்டில்ல அதுக்கு வழியே இல்ல. எட்டி நின்னு தூக்கலாம்னு மட்டும் முயற்சி பண்ணாதீங்க, மெஷின் கவுந்துடும். கட்டிலை மாத்தறதுதான் சரி, ஏத்தி இறக்குற ஆஸ்பத்திரி கட்டில் பல ஊர்ல வாடகைக்கு கிடைக்குது, உங்க இடுப்பு உயரத்துக்கு ஏத்தி வச்சா துணி மாத்த, உடம்பு துடைக்கவும் சுலபம். சாதா இரும்புக்கட்டில் இருந்தாலும் போதும்.

பிரேக் விஷயத்துல குழப்பம் வர்றது சகஜம். அம்மா போய் சேர்ற இடம் எதுவோ அதுக்கு கண்டிப்பா பிரேக் போடணும், வீல்சேரோ கமோடு சேரோ சக்கரம் வச்ச கட்டிலோ எதுவா இருந்தாலும். தூக்குற மெஷினுக்கு பெரும்பாலான மாடல்ல தூக்கும்போதும் இறக்கும்போதும் பிரேக் போடக்கூடாது. ஏன்னா பாரம் ஏறும்போது மெஷின் லேசா தானா நகர்ந்து பாரத்துக்கு நேர் கீழ வந்து நின்னுக்கும், பிரேக் போட்டு இறுக்கிட்டா அது முடியாம சாயும். உங்க மாடலோட புக்லெட்ல என்ன போட்டிருக்குன்னு ஒரு தடவை பாத்துக்கோங்க, அது சொல்றதுதான் கடைசி வார்த்தை. மெஷினோட ரெண்டு காலையும் நல்லா அகட்டி வச்சுதான் தூக்கணும்.

ஸ்லிங் மாட்டுறதுக்கு அம்மாவை ஒரு பக்கமா புரட்டி, பாதி சுருட்டின ஸ்லிங்கை முதுகோரமா வச்சு, மறுபக்கம் புரட்டி இழுத்து விடுங்க. அடி விளிம்பு வால் எலும்பு வரைக்கும் வரணும், கால் பட்டை ரெண்டையும் தொடைக்கு அடியில கொடுத்து நடுவுல ஒண்ணுக்குள்ள ஒண்ணு குறுக்கா விட்டு மாட்டணும். வளையங்கள்ல கலர் கலரா இருக்கும், தோள் பக்கம் ரெண்டுலயும் ஒரே கலர், கால் பக்கம் ரெண்டுலயும் ஒரே கலர். தோளுக்கு குட்டை வளையம், காலுக்கு நீளம்னா நல்லா நிமிர்ந்து உக்காந்த மாதிரி வருவாங்க. மெத்தையை விட்டு ரெண்டு இன்ச் மேல வந்ததும் நிறுத்துங்க, நாலு வளையமும் கொக்கியில சரியா இருக்கா, துணி எங்கயாவது மடிஞ்சு தொடையை அறுக்குதான்னு பாத்துட்டு அப்புறம்தான் மேல. ஸ்லிங் பெருசா இருந்தா நடுவுல வழுக்கி விழ வாய்ப்பு, சின்னதா இருந்தா அறுக்கும். எடை அளவு மெஷின்லயும் போட்டிருக்கும் ஸ்லிங்லயும் போட்டிருக்கும், ரெண்டுல எது கம்மியோ அதுதான் கணக்கு. தையல் விட்டுப்போன ஸ்லிங்கை தைச்சு போட்டுக்கலாம்னு நினைக்காதீங்க, மாத்திடுங்க.

யூரின் பை போட்டிருக்காங்களா? அதை மறந்துடறதுதான் நான் அடிக்கடி பாக்குற தப்பு. ஆளை தூக்கியாச்சு, பை கட்டில் கம்பியிலயே தொங்குது, குழாய் இழுபட்டு ரத்தம் வந்துடுது. தூக்குறதுக்கு முன்னாடியே பையை எடுத்து ஆளோட கூடவே கொண்டு போங்க, அடிவயித்தை விட கீழயே இருக்கட்டும்.

கடைசியா, ஹாய்ஸ்ட்டு ஆளை சுமந்துகிட்டு வீடெல்லாம் சுத்துற வண்டி இல்ல. நம்ம வீடுகள்ல பாத்ரூம் வாசல்ல ஒரு படி இருக்கும், அதுல சின்ன சக்கரம் தட்டினா அவ்வளவுதான். கட்டில் பக்கத்துலயே கமோடு வீல்சேர்ல இறக்கி, அதுல வச்சு தள்ளிட்டு போங்க. எப்பவும் ரெண்டு பேர் இருங்க, ஒருத்தர் மெஷின், இன்னொருத்தர் அம்மா.

இடுப்பு பெல்ட்னு எழுதியிருந்தீங்களே, வேட்டியை முறுக்கி கட்டிக்கலாமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

வேண்டாம் ஐயா, வேட்டி முடிச்சு இளகும், இறுகினா வயித்தை அறுக்கும். பக்கிள் வச்ச அகலமான பெல்ட்டு, பக்கவாட்டுல பிடிக்க கைப்பிடி தைச்சதா பாத்து வாங்குங்க. சட்டைக்கு மேல, உள்ள ரெண்டு விரல் போற அளவு இறுக்கம். அது ஆளை தூக்குறதுக்கு இல்ல, தடுமாறினா தாங்கி வழி காட்டுறதுக்கு. வயித்துல புதுசா ஆபரேஷன் ஆனவங்க, வயித்துல டியூப் இருக்கிறவங்க, விலா எலும்பு உடைஞ்சவங்களுக்கு போடக்கூடாது.

என் பையனுக்கு 27 வயசு. தென்னை மரத்துலேர்ந்து விழுந்து முதுகுத்தண்டுல அடி, இடுப்புக்கு கீழ உணர்ச்சி இல்ல. ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சு மாசம் ஆச்சு. நானும் அவனும்தான் வீட்டுல, என்னால அவனை தூக்க முடியல. நான் இல்லாம போயிட்டா இவனை யார் தூக்குவாங்கன்னு ராத்திரி தூக்கமே வரல.
– ஒரு தாய், தென்காசி மாவட்டம்

உங்க கடிதத்தை ரெண்டு மூணு தடவை படிச்சேன் அம்மா. உங்க பையனுக்கு ரெண்டு கையும் நல்லா இருக்கு, இதை திரும்பத் திரும்ப நினைச்சுக்கோங்க. இப்படி அடிபட்டு கை நல்லா இருக்கிறவங்கள்ல நிறைய பேர் யாரும் தூக்காம தானே கட்டில்லேர்ந்து வீல்சேருக்கு மாற கத்துக்கிறாங்க. அதுக்கு ட்ரான்ஸ்ஃபர் போர்டுனு வழவழன்னு ஒரு பலகை இருக்கு, கட்டிலுக்கும் வீல்சேருக்கும் நடுவுல பாலம் மாதிரி. வீல்சேரை கட்டிலோட சாச்சு ஒட்டி நிறுத்தி பிரேக் போட்டு, கட்டில் பக்கம் இருக்கிற கைப்பிடியை கழட்டிட்டு, பலகையோட ஒரு முனையை தொடைக்கு அடியில செருகி, கையை ஊணி கொஞ்சம் கொஞ்சமா நகரணும். தலை ஒரு பக்கம் சாஞ்சா இடுப்பு மறுபக்கம் போகும், இந்த சூட்சுமம் பிடிபட்டுட்டா பாதி வேலை முடிஞ்சுது. கட்டிலும் சீட்டும் ஒரே உயரத்துல இருந்தா சுலபம். பல சாதா வீல்சேர்ல கைப்பிடி கழட்டவே வராது, அதனால மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல விண்ணப்பிக்கும்போதே கைப்பிடி கழட்டுற மாதிரி வேணும்னு கேளுங்க.

தோல்தான் ஜாக்கிரதை. உணர்ச்சி இல்லாததால உரசினாலும் தெரியாது, வெறும் தோலோட பலகையில இழுக்கவே கூடாது. சேர்ல உக்காந்திருக்கும்போது அரை மணிக்கு ஒரு தடவை நல்லா முன்னால குனிஞ்சு ரெண்டு நிமிஷம் இருக்கணும், படுத்திருந்தா ரெண்டு மணிக்கு ஒரு தடவை புரளணும். தினமும் ராத்திரி போன் கேமராவுல பின்பக்கத்தை அவனே படம் எடுத்து பாக்கட்டும், சிவந்து போய் அது மறையலன்னா அந்த இடத்துல பாரமே விழக்கூடாது. அவன் பழகுற வரைக்கும், இல்ல காய்ச்சல் வந்து சோர்ந்து கிடக்கிற நாள்ல, ஒரு சின்ன ஹாய்ஸ்ட் இருந்தா உங்க உடம்பும் தாங்கும். கீழ விழுந்துட்டா தரையிலேர்ந்து எடுக்கவும் அதுதான்.

உங்க மாவட்டத்துலயே ஆய்க்குடியில அமர் சேவா சங்கம்னு மாற்றுத்திறனாளிகளுக்கான மறுவாழ்வு மையம் இருக்கு அம்மா. அதை 1981-ல ஆரம்பிச்ச ராமகிருஷ்ணன் ஐயா, கடற்படை அதிகாரி தேர்வுக்கு போன இடத்துல 1975-ல அடிபட்டு கழுத்துக்கு கீழ செயலிழந்தவர். வேலூர் சிஎம்சியோட மறுவாழ்வு மையம் பாகாயத்துல 1966-லேர்ந்து இருக்கு, அதை உருவாக்கின டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல கார் விபத்துல முதுகுத்தண்டு அடிபட்டு வீல்சேர்ல உக்காந்தபடியே ஆபரேஷன் பண்ணினவங்க. ஆய்க்குடிக்கு இந்த வாரமே அவனை கூட்டிட்டு போங்க. பலகையில நகர்றதை அவனை மாதிரி அடிபட்ட இன்னொருத்தர் செஞ்சு காட்டினா அவன் கத்துக்கிற வேகமே வேற.

நான் ஒரு ஆஸ்பத்திரியில வார்டு ஊழியர். எங்க வார்டுல ஹாய்ஸ்ட் இருக்கு, மூலையில துணி போட்டு மூடி வச்சிருக்காங்க. நாங்க நாலு பேர் பெட்ஷீட்டோட தூக்குறோம். கேட்டா நேரம் இல்லைங்கிறாங்க.
– ஊர் பேர் வேண்டாம்னு எழுதியவர்

நான் வேலை கத்துக்கிட்ட இடத்துலயும் ஒரு மெஷின் அப்படித்தான் மூலையில நின்னுச்சு. ஒரே ஒரு ஸ்லிங், அது துவைக்க போயிருக்கும், இல்லன்னா சார்ஜ் இருக்காது. கூட வேலை பாத்த அக்கா ஒருத்தங்க 20 வருஷம் பேஷண்ட் தூக்கி முதுகு டிஸ்க் விலகி வேலையை விட்டு போனாங்க, அவங்களை இன்னைக்கும் நினைச்சுக்குவேன்.

நேரம் இல்லைங்கிறது பாதி உண்மை. நாலு பேரை தேடி கூட்டிட்டு வர்ற நேரத்தை யாரும் கணக்குல சேக்குறது இல்ல, பழகின ரெண்டு பேர் இருந்தா மெஷின்ல சில நிமிஷத்துல முடிஞ்சிடும். உங்க சிஸ்டர்கிட்டயும் பிசியோகிட்டயும் மூணு விஷயம் கேளுங்க, ஒவ்வொரு அளவுலயும் ரெண்டு ஸ்லிங், ராத்திரி ஷிப்ட்டுல சார்ஜ் போட ஒரு ஆள், எல்லாருக்கும் அரை நாள் பழக்கம். ட்ராலிக்கு மாத்த மட்டும்னா ஸ்லைடு ஷீட் கேளுங்க, வழுக்குற நைலான் துணிதான், விலையும் பெருசா இல்ல, தூக்கவே வேண்டாம், சறுக்கி விட்டா போதும். வேலை முடிஞ்சதும் ஆளுக்கு அடியிலேர்ந்து அதை உருவிடணும், இல்லன்னா கட்டில்லேர்ந்தே வழுக்கிடுவாங்க.

எங்க பாட்டி மெஷினை பாத்தாலே அழறாங்க. ஆட்டை தொங்க விடற மாதிரி என்னை தொங்க விடாதீங்கடீங்கிறாங்க. மனசு கேக்கல.
– ஒரு பேத்தி, சேலம்

பாட்டி சொல்றது நியாயம்தான் கண்ணு. நான் ஒரு தடவை ஸ்லிங்ல உக்காந்து பாத்தேன், கால் தரையை விட்டதும் வயித்துல ஒரு பயம் வந்துச்சு பாருங்க, எனக்கே அப்படின்னா அவங்களுக்கு? நீங்க முதல்ல உக்காந்து தொங்குங்க, பாட்டி பாக்கட்டும். அப்புறம் அவங்களை தூக்கும்போது முகத்துக்கு எதிர்ல நின்னு, என்ன செய்யப்போறோம்னு ஒவ்வொண்ணா சொல்லிகிட்டே செய்யுங்க, ஒரு கை அவங்க முட்டி மேல இருக்கட்டும், ஊஞ்சல் மாதிரி ஆடாது. கால் மேல ஒரு போர்வை போடுங்க, புடவை விலகுற கூச்சம்தான் பாதி அழுகை, இதை நான் நிறைய பாட்டிங்ககிட்ட பாத்திருக்கேன். கதவை சாத்துங்க, வந்தவங்க போனவங்களை வெளிய உக்கார சொல்லுங்க. முடிஞ்சா ரிமோட்டை பாட்டி கையிலயே கொடுங்க, அவங்க அமுக்கட்டும், நீங்க மேல கை வச்சுக்கோங்க. முதல் வாரம் ரெண்டு இன்ச் தூக்கி இறக்கினாலே போதும். தொடை எலும்பு உடைஞ்சு இடுப்பு மூட்டு மாத்தினவங்கன்னா மட்டும் முன்கூட்டியே ஆபரேஷன் பண்ணின டாக்டர்கிட்ட கேளுங்க, ஸ்லிங்ல இடுப்பு நல்லா மடங்கும், சில பேருக்கு அது கூடாது.

கரண்ட் போயிட்டா ஆள் நடுவுல தொங்குவாங்களா?
– ஒரு வாசகி, பெரம்பலூர்

மாட்டாங்க, கரண்ட்டுல ஓடுற ஹாய்ஸ்ட் பெரும்பாலும் பேட்டரியிலதான் இயங்குது, தினமும் ராத்திரி சார்ஜ் போட்டுட்டா போதும். பேட்டரியும் தீர்ந்துட்டா மெதுவா இறக்க தனியா ஒரு அவசர பிடியோ பட்டனோ இருக்கும். அது எங்க இருக்குன்னு வாங்குற அன்னைக்கே கடைக்காரரை காட்ட சொல்லுங்க, அரிசி மூட்டை ஒண்ணை தொங்க விட்டு வீட்டுல எல்லாரும் ஒரு தடவை இறக்கி பாத்துக்கோங்க. கரண்ட் ரொம்ப போற ஊர்னா கையால பம்ப் அடிக்கிற ஹைட்ராலிக் மாடலும் இருக்கு, மெதுவாத்தான் ஏறும், ஆனா நின்னு போகாது.